தாமதக் கட்டணம்

காலையில், சாம்பார் ஊற்றுகிற அந்தச் சாமானின் பெயர்
வரவில்லை.
செலின் அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.
"என்ன வேணும், வாயத் திறந்து சொல்லேன்."
திறந்தேன். கன்னடத்தில் வந்தது: சௌட்டு.
வீட்டுமொழி எங்கோ வெளியே போயிருக்க
தெருமொழி வந்து கதவு திறந்ததுபோல.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

இடது பாதம் ஈரமாக இருக்கிறது, பதினோரு மாதமாக.
துடைத்துப் பார்க்கிறேன். துண்டு காய்ந்தே இருக்கிறது.
மாடிவீட்டு மிக்சி ஓடினால்
என் பல்லுக்குள் தேங்காய் அரைபடுகிறது.
டியூப்லைட்டைப் போடாதே என்று மகளிடம் கெஞ்சுகிறேன்,
இருபத்திரண்டு வருஷம் வீடுவீடாய்ப் போய்
எரிந்த விளக்குக்கெல்லாம் கணக்கெடுத்தவன்.

ஜோகுபாளையம், மர்ஃபி டவுன், கேம்பிரிட்ஜ் லேஅவுட்.
எந்த மாடிக்கு எத்தனை படி,
எந்த மீட்டர் பெட்டிக்குள் பல்லிமுட்டை,
எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் வரும்,
எல்லாம் இன்னும் தலையில் இருக்கிறது.
ஆறும் ஒன்பதும்தான் இடம் மாறிக்கொண்டன.
இம்தியாஸ் பாய் பேக்கரிக்கு
அறுநூற்றுப் பத்தொன்பதைத்
தொள்ளாயிரத்துப் பதினாறு என்று தட்டிவிட்டேன்.
அடுத்த மாதம் பில்லை ஆட்டிக்கொண்டு வந்தார்.
மீட்டருக்குக் கீழே சுவரில் சாய்ந்து
நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு
உள்ளே போய் ஒரு பன் கொண்டுவந்து கொடுத்தார்.

நிம்ஹான்ஸில் டோக்கன் நாற்பத்தேழு.
"ஆரோக்கியசாமி!"
கன்னடத்திலும் அதற்கு அதே பொருள்தான்.
தலையில் கட்டுப்போட்டிருந்தவர்கூடத் திரும்பிச் சிரித்தார்.
நானும் சிரித்தபடி எழுந்தேன். கூடவே தரையும் கொஞ்சம் எழுந்தது.

சுத்தியால் முட்டியைத் தட்டினார்கள், கால் ஒழுங்காக உதைத்தது.
குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள்,
நல்ல மூளை.
நரம்பில் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள்,
லைன் சரி, ஃபால்ட் எதுவும் இல்லை.
எங்கள் ஆபீஸிலும் இதையேதான் சொல்வோம்,
புகார் கொடுத்தவர் அங்கே
இருட்டில் நின்றுகொண்டிருப்பார்.

ஒரு சின்ன வயது டாக்டரம்மா மட்டும்
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
"வேலை செய்த அன்றைக்கே விழுகிறீர்களா,
இல்லை, அப்புறமா?"

அப்புறம்தான்.
சனிக்கிழமை ஃபியோனாவின் பள்ளிக்கூடம், இரண்டு மாடி.
டீச்சரிடம் நின்று பேசினேன், ஜோக்குகூடச் சொன்னேன்.
ஞாயிறு பூசைக்குப் போனேன். நன்றாகவே இருந்தேன்.
திங்கள் மதியம் கழுத்து, தலையைத் தூக்க மறுத்தது.
செவ்வாய், விரல்களுக்குச் சட்டைப் பொத்தானைத் தெரியவில்லை.
சனிக்கிழமை சிரித்ததற்குப்
புதன்வரை பில் வந்துகொண்டிருந்தது,
தாமதக் கட்டணத்தோடு.

நீளமாக ஒரு பெயரை எழுதினார்.
அதற்குக் கீழே சீட்டு முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது.
செலின் தன் அண்ணனிடம் சொல்லும்போது
அந்தப் பெயர் சுருங்கிச் 'சோர்வு' என்று ஆனது.
"யாருக்குத்தான் இல்ல" என்றான்,
சில்க் போர்டில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன்.
அவன் சொன்னதும் பொய்யில்லை.
அதுதான் சங்கடம்.

ராத்திரி மழை. எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது,
தெரு மொத்தமும் போய்விட்டது.
மேலே திட்டினார்கள். எதிர்வீட்டுக் குழந்தை அழுது ஓய்ந்தது.
ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி நின்றது.
கண்மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன்.
எங்கும் வெளிச்சமில்லை, ரீங்காரமில்லை.
வெகுநாள் கழித்து
இந்த ஊர் என் அளவுக்கு இறங்கி வந்திருந்தது.
பாதம் மட்டும், பழக்கம் விடாமல், ஈரமாய்.

அப்போது வந்தது அது, யாரும் தேடாத நேரத்தில்,
பதினாறு மணி நேரம் பிந்தி.
மறுபடி போய்விடுமோ என்று வாய்விட்டே சொன்னேன்:
"கரண்டி."

செலின் புரண்டு படுத்தாள்.
"இன்னும் வரல. தூங்கு."